நோர்மா நீட்டிய சுத்தியல்

அமெரிக்காவின் மெரிடன் நகரத்துப் பெண்களில் பாதிப் பேரின் தலை நோர்மா பின்னியின் கையில் இருந்தது. ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் அவள் நடத்திய பியூட்டி பார்லருக்கு வாரம் ஒருமுறை வருவார்கள். தலை நிறைய சுருள் உருளைகளை மாட்டிக்கொண்டு, சூடான காற்று ஊதும் இயந்திரத்தின் கீழ் உட்கார்ந்து, யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். நோர்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டாள். சாதுவான விதவை என்று ஊரே நினைத்திருந்தது. அவள் நெஞ்சுக்குள் ஒரு மனிதன் மீது பகை கனன்றுகொண்டிருந்ததும், பதினோரு வருஷமாக அவள் அதை அணையவிடாமல் ஊதி ஊதி வளர்த்து வந்ததும் அந்தத் தலைகளில் ஒன்றுக்குக்கூடத் தெரியாது.

கூட வேலை செய்த போலந்துக்காரி ஸ்டாஷாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த மனிதனின் பெயர் ஹார்லன் டட்டன்.

நோர்மாவின் அப்பா வெள்ளிப் பாத்திரத் தொழிற்சாலையில் கரண்டிகளுக்கு மெருகேற்றியவர். அவள் இருபத்திரண்டு வயதில் ஆல்டன் பின்னியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆல்டன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவன். நெட்டையன், கூச்சக்காரன், பேச்சு திக்கும். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் அவன் நாக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவன் திக்காமல் பேசுவது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள்.

நாடு புதிதாகப் பிறந்திருந்த காலத்தில் அரசாங்கத்திடம் போதிய துப்பாக்கி கிடையாது. அதனால் கனெக்டிகட் ஆற்றங்கரையில் பட்டறை வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, இந்த மாதிரியில் இத்தனை செய்து கொடு என்று ஒப்பந்தம் போட்டது. செய்து முடித்ததை ஆய்வாளர்கள் வந்து பார்த்து, இரும்பிலும் மரத்திலும் முத்திரை குத்தி எடுத்துப் போனார்கள். குதிரை வீரர்களின் சேணத்தில் தொங்கிய அந்தத் துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதில்தான் அந்தப் பள்ளத்தாக்கில் பல ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. ஆல்டனும் அவர்களில் ஒருவன். தேனிலவுக்கு நயாகரா போகலாம் என்று அவளை அழைத்துப் போனான். போகவும் போனார்கள். ஆனால் வழியில் கண்ணில் பட்ட பழைய சாமான் கடை ஒன்றைக்கூட அவன் விடவில்லை. அருவியைப் பார்க்கும்போது இருட்டிவிட்டது.

"கோபமா, நோர்மா?" என்று கேட்டான்.

"கோபமெல்லாம் இல்ல. அருவி எங்கயும் ஓடிப் போகாது. அந்தக் கடைக்காரன் வெச்சிருந்த துப்பாக்கிதான் போயிருக்கும்" என்றாள். அன்றைக்கே அவன் அவளிடம் முழுசாக விழுந்துவிட்டான்.

அவளும் அந்தக் கிறுக்கைப் பிடித்துக்கொண்டாள். எந்த முத்திரை எங்கே இருக்க வேண்டும், எந்தத் திருகு புதிது, எந்த மரத்தைச் சாயம் பூசிக் கருக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் விரலுக்கே தெரிந்துபோயிற்று.

அந்த வட்டாரத்துச் சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரு கனவு இருந்தது. ஃபினியஸ் லாத்ரப் என்ற பட்டறைக்காரன் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு நொடித்துப்போனவன். அவன் கொடுத்த துப்பாக்கிகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ராணுவம் பிற்காலத்தில், சக்கிமுக்கிக் கல் உரசிச் சுடும் பொறியைக் கழற்றிவிட்டு, அடித்தால் வெடிக்கும் கேப்பு வைத்துச் சுடும்படி மாற்றிவிட்டது. மாற்றாமல் தப்பிய லாத்ரப் ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவையெல்லாம், கேப்புப் பொறியைப் பிடுங்கிவிட்டு வேறு துப்பாக்கியின் சக்கிமுக்கிப் பொறியைப் பொருத்திய போலிகள். "திரும்ப மாத்தினது" என்று அதற்குப் பெயர். சேகரிப்பாளர்களிடையே அதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

ஆல்டனுக்கு அது ஒரு கோழிப்பண்ணை ஏலத்தில் கிடைத்தது. அறுந்த கடிவாளங்கள் கிடந்த பெட்டிக்கு அடியில், கோழி இறகு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"இங்க வா! இதைப் பாரு! பொறிக்கு உள்பக்கம் மூணு கோடு, பாதி நிலா. குழலுக்கு அடியில பாரு, அதே மூணு கோடு, அதே பாதி நிலா. மரத்துக்குள்ளயும் இருக்கு பாரு!"

ஒரு துப்பாக்கிக்கான பாகங்கள் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்கப் பட்டறை ஆட்கள் உளியால் கீறிய பொருத்துக் குறி அது. வெளியே தெரியாது, பிரித்தால்தான் தெரியும். மூன்றிலும் ஒரே குறி. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே இடத்தில் மச்சம் இருக்குமே, அப்படி. மரத்தில் குறிக்குப் பக்கத்தில் குருவி அலகு போல ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. நோர்மா அதைத் தன் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

"மாத்தலை, நோர்மா. இதை யாருமே மாத்தலை!" ஆல்டன் ஒருமுறைகூடத் திக்கவில்லை.

*

அந்த வசந்தத்தில், தீயணைப்பு நிலைய மண்டபத்தில் துப்பாக்கி சேகரிப்பாளர் சங்கத்தின் வருடக் கூட்டம் நடந்தது. ஆண்கள் மேஜை போட்டுத் துப்பாக்கிகளைப் பரப்புவார்கள். மனைவிமார் பின்னாலிருந்த சமையலறையில் பீன்ஸும் பன்றித்தொடைக் கறியும் வேக வைப்பார்கள். அந்தக் காலத்தில் சங்கத்தில் பெண்கள் சேர முடியாது, கூட்டத்தில் வாய் திறக்கவும் முடியாது.

சங்கத்துக்கு ஒரு கடுமையான வழக்கம் இருந்தது. காட்சிக்கு வைத்த துப்பாக்கி போலி என்று தெரிந்தால், ஒரு எஃகு அச்சை அதன் குழல் மேல் வைத்து, சொந்தக்காரனே சுத்தியலால் அடித்துப் போலி என்று முத்திரை குத்த வேண்டும். எல்லார் கண் முன்னாலும் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியால் உலகத்தில் யாரையும் ஏமாற்ற முடியாது. சங்கத்தாருக்கு இதில் பெரிய பெருமை.

அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்கிற முதல் ஆள் ஹார்லன் டட்டன். பெரிய கார் விற்பனைக் கூடம் வைத்திருந்தான். கலகலப்பானவன், வாய் நிறையச் சிரிப்பான், யார் தோளிலும் கை போடுவான். ஆல்டன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்தான்.

"கொடு ஆல்டன், உன் புள்ளையை நான் வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றேன்" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். ஜன்னலோரம் நின்று பிரித்தான். அடுப்பருகே நோர்மா பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பீன்ஸ் கிளறுகிறவளை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் அவள் அவனைப் பார்த்தாள். பொறி வெளியே வந்தது. அவன் குனிந்தான். குழலைத் திருப்பினான். மரத்துக்குள் எட்டிப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் சாகிற வரைக்கும் மறக்கவில்லை. அடுத்தவன் மனைவியை ஆசையோடு பார்க்கிற ஆணின் முகம் அது. மெல்ல, மெல்லத் தடவினான். பிறகு அவசரமாகப் பொருத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.

கதவு இடுக்கில் நின்று நோர்மா ஹார்லனின் குரலைக் கேட்டாள்.

"நண்பர்களே, இதைச் சொல்ல எனக்கு நாக்கு வரலை. பொறி வேற, குழல் வேற. குறி ஒத்துப் போகலை. திரும்ப மாத்தினது."

ஆல்டன் எழுந்தான். "இ... இ... இல்ல... நா... நா..." நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"அச்சை எடுங்கப்பா" என்றது ஒரு குரல்.

"வேண்டாம்!" ஹார்லன் கையை உயர்த்தினான். "நம்ம ஆல்டன் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டான். அவனும் ஏமாந்தவன்தான். அவனை இத்தனை பேர் முன்னாடி அடிக்க வைக்கணுமா? எனக்காக இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

ஆகா, என்ன பெருந்தன்மை என்று எல்லாரும் கை தட்டினார்கள். நோர்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவன் ஆல்டனைக் காப்பாற்றவில்லை. துப்பாக்கியைக் காப்பாற்றினான். தனக்காக!

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொன்னாள். "அவன் பொய் சொல்றான். நான் பார்த்தேன், ஆல்டன். அவன் மூஞ்சியை நான் பார்த்தேன்."

"ஹார்லன் எ... என் நண்பன், நோர்மா. நான்தான் தப்பாப் பார்த்திருக்கேன். ஆசையில கண்ணு ம... மறைச்சிருக்கும்."

"நானும்தானே பார்த்தேன்? வீட்டுக்குப் போனதும் திறந்து பாரேன்!"

அவன் திறக்கவில்லை. அந்தத் துப்பாக்கியை இழுப்பறையில் போட்டு மூடினான். அதைத் திறந்து பார்க்கும் தைரியம் அவனுக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை. குறி இல்லாவிட்டால் தான் முட்டாள், இருந்தால் நண்பன் துரோகி. அவனால் இரண்டையும் தாங்க முடியாது. வேறு எந்தத் துப்பாக்கியையும் கையில் எடுக்கவில்லை. தன் கண்ணையே நம்பாதவன் எதைச் சேகரிப்பான்? ஒருநாள் ஹார்ட்ஃபோர்டிலிருந்து வருவதாகச் சொல்லி, நல்ல தொப்பி போட்ட ஒருவன் வந்து அதை விலைக்குக் கேட்டான்; நோர்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவள் பார்லரில் இருந்த நேரத்தில் அவன் மறுபடி வந்தபோது, ஆல்டன் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஹார்லனும் ஒருவன். தேம்பித் தேம்பி அழுதான். நோர்மா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அடக்கம் முடிந்த வாரம், பேருந்தில் போகும்போது ஹார்லனின் கார் கூடத்தைக் கடந்தாள். அங்கே ஒரு புதுக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதே நல்ல தொப்பியோடு அந்த ஹார்ட்ஃபோர்ட்காரன் நின்றிருந்தான்!

நோர்மாவின் கண்ணீர் அந்த நிமிஷத்தில் நின்றுபோயிற்று.

*

அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் அவள் அந்த மண்டபத்துச் சமையலறைக்குப் போனாள்.

"உனக்கு மானம் ரோஷம் இருக்கா? உன் புருஷனைக் கொன்னவனுக்குப் பீன்ஸ் அவிச்சுப் போடறே!" என்று ஸ்டாஷா கத்துவாள்.

"அவன் அதை ஒருநாள் வெளிய எடுப்பான், ஸ்டாஷா. எடுக்காம இருக்க முடியாது. அழகான பொண்டாட்டியை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஜன்னலைச் சாத்தி வெப்பான்? அன்னிக்கு நான் அங்க இருக்கணும்."

"எடுத்தா? அதுதான் இதுன்னு எப்படி நிரூபிப்பே?"

"உள்ள குறி இருக்கு."

"அடி அசடே! அவன் என்ன மடையனா? முதல் நாளே அரத்தை எடுத்து ராவி எடுத்திருப்பான்."

நோர்மா ஒரு வாடிக்கையாளரின் தலையில் உருளையைச் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சிரித்தாள். "மாட்டான். திருடனா இருந்தா ராவியிருப்பான். அவன் திருடன் மட்டும் இல்லயே, சேகரிக்கிறவன். அந்தக் குறியிலதான் அந்தத் துப்பாக்கியோட உசுரே இருக்கு. தன் விரலை வெட்டிக்குவான், அதுல அரம் வெக்க மாட்டான்."

"உன் கணக்கு தப்பாப் போச்சுன்னா?"

நோர்மா அடுத்த உருளையை எடுத்தாள். தப்பினால் அவள் ஊர் சிரிக்கும் பைத்தியக்காரி. ஆல்டன் என்றென்றைக்கும் போலியைக் கொண்டுவந்தவன். அவளிடம் இருந்தது அந்த ஒரே ஒரு சீட்டுத்தான்.

பழைய தீர்ப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். காலமும் மாறியது. பெண்களையும் உறுப்பினராக்கலாம் என்று சங்கம் முடிவு செய்தது. முதலில் கை தூக்கியவள் நோர்மா.

"சேர்த்துக்கங்கப்பா! பீன்ஸுக்கு ஓட்டுப் போடறதுக்காவது ஒரு ஆள் வேணும்ல" என்று ஹார்லனே சிரித்துக்கொண்டு அவளை வழிமொழிந்தான்.

அதே வருஷம் அவன் ஜன்னலைத் திறந்தான்.

மண்டபத்தின் நடு மேஜையில், கருநீல வெல்வெட்டின் மேல் அது கிடந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு, இறந்த புருஷனின் கையைத் திடீரென்று யாரோ மேஜை மேல் வைத்துக் காட்டியது போல நோர்மாவுக்கு இருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்ததாகவும், வெளியாள் கை படாததாகவும் ஹார்லன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்கள் மொய்த்தார்கள். அந்த வருஷத்தின் தங்கப் பதக்கம் அவனுக்குத்தான் என்று அப்போதே பேச்சு.

சங்கத் தலைவர் விட்கம் கிழவர் எழுந்து, யாருக்காவது ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்.

"பாவம் நம்ம ஆல்டன் பின்னி" என்றான் ஹார்லன், பெருமூச்சோடு. "உசுரோட இருந்திருந்தா, அசல் லாத்ரப் எப்படி இருக்கும்னு கண்ணால பார்த்திருப்பான்."

அந்த வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். நோர்மா எழுந்து நின்றாள்.

"மிஸ்டர் விட்கம், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா. நீயும் உறுப்பினர்தானே."

"ஹார்லன், இதை வெர்மான்ட்ல வாங்கினதுக்கு அப்புறம் வேற யாராவது பிரிச்சாங்களா?"

"நான் மட்டும்தான், நோர்மா. என்ன, பீன்ஸ் தீஞ்சுடப் போகுது!" கூட்டம் சிரித்தது.

"அதுக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரங்க யார் கையும் படல?"

"படல படல. எத்தனை தரம் சொல்றது?"

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வழியே இல்ல. சரிதானே?" அவள் விட்கம் பக்கம் திரும்பினாள். "பொறிக்கு உள்பக்கம் மூணு கோடு, பாதி நிலா. குழலுக்கு அடியிலயும் அதேதான். மரத்துக்குள்ளயும் அதேதான். மரத்துல குறிக்குப் பக்கத்துல குருவி மூக்கு மாதிரி ஒரு சில்லு போயிருக்கும். பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

உறுப்பினர் கேட்டால் சொந்தக்காரன் தன் கையாலேயே பிரித்துக் காட்ட வேண்டும். ஹார்லனின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்து நின்றது. திருப்புளியை எடுத்தான். அது திருகின் பள்ளத்தில் நிற்காமல் வழுக்கியது. மறுபடி வைத்தான். நோர்மா அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரம் வைத்திருந்தால்? ஸ்டாஷா சொன்னது சரியாக இருந்தால்? கடவுளே, அவன் என்னைவிடக் கெட்டிக்காரனாக இருந்துவிடக் கூடாது!

பொறி வெளியே வந்தது. விட்கம் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். குழலைத் திருப்பினார். மரத்துக்குள் வெகு நேரம் பார்த்தார்.

"மூணு கோடு" என்றார் கிழவர். "பாதி நிலா. சில்லும் இருக்கு."

அரம் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை!

"இது ஆல்டனோட துப்பாக்கி" என்றாள் நோர்மா. "அவன் என்கிட்ட சமையலறை மேஜையில பிரிச்சுக் காட்டினது."

மண்டபத்தில் ஒரே சலசலப்பு. ஆனால் ஹார்லன் லேசுப்பட்டவனா? ஒரு வாழ்நாள் முழுக்கக் கார் விற்றவன். தலையில் கை வைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தான்.

"அட, போச்சு! என்னையே கவுத்துட்டானே அந்த வெர்மான்ட்காரன்! அந்தப் பழைய போலி சுத்திச் சுத்திக் கடைசியில என் தலையிலயே வந்து விழுந்திருக்கு. வயசாச்சுப்பா, கண்ணு தெரியல!"

நாலைந்து பேர் நிம்மதியாகச் சிரித்தார்கள். அவன் தப்பிவிட்டான். கிட்டத்தட்டத் தப்பிவிட்டான். ஏமாந்தவனை யார் கோபிப்பார்கள்?

நோர்மா இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அப்ப இது போலிதானே, ஹார்லன்? அன்னிக்கு நீ சொன்ன தீர்ப்பு சரிதானே?"

"சரிதான். சந்தேகமே இல்ல."

"குறி மூணும் ஒத்துப் போகுதேப்பா" என்று விட்கம் இழுத்தார்.

"வெட்டிச் சேர்த்த குறி, தலைவரே. புதுசா வெட்டினது."

"நல்லது" என்றாள் நோர்மா. தலைவர் மேஜையிலிருந்த எஃகு அச்சையும் சுத்தியலையும் எடுத்தாள். நடந்து வந்து அவன் முன் நீட்டினாள். "அடி."

ஹார்லன் அவளைப் பார்த்தான்.

"போலிதானே? நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததா? அன்னிக்கு ஆல்டனுக்காக விட்டுக் கொடுத்தே. இன்னிக்கு யாருக்காக விடணும்? அடி, ஹார்லன். குழல் மேல, நல்லா ஆழமா அடி."

கை தட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. அத்தனை பேரும் சுத்தியலையே பார்த்தார்கள். அவன் வாங்கினான். அச்சைக் குழல் மேல் வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

அவன் அடித்துவிட்டால் ஆல்டனின் துப்பாக்கி நிரந்தரமாகப் பாழ். ஆல்டனின் பெயரும் அதோடு பாழ். நோர்மா அதைத் தெரிந்துதான் சுத்தியலை நீட்டினாள். உனக்காகப் பழிவாங்க இதையும் பலி கொடுக்கிறேனே என்று ஆல்டனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அவள் கண் இமைக்கவில்லை. நீட்டிய கையைக்கூட இன்னும் கீழே இறக்கவில்லை.

ஓங்கிய சுத்தியல் அங்கேயே நின்றது. பிறகு ஆடியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக வெல்வெட்டின் மேல் இறங்கியது.

"முடியல" என்றான் ஹார்லன்.

"ஏன் முடியல?"

"இது... இது அசல், நோர்மா."

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"அசல்!" அவன் குரல் உடைந்தது. "மாத்தவே இல்ல. யாரும் மாத்தல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. பிரிச்ச அந்த நிமிஷமே."

பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவன் நாற்காலியில் சரிந்தான். குழந்தை போல அழுதான். ஒருவரும் அவன் தோளில் கை போடவில்லை. விட்கம் கிழவர் போய் அவன் சட்டையிலிருந்த சங்கத்தின் சின்னத்தைத் தன் கையாலேயே கழற்றினார். பிறகு மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, "ஆல்டன் பின்னி நம்ம உறுப்பினர். அவர் கொண்டுவந்தது அசல். எல்லாரும் எழுந்திருங்க" என்றார்.

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. அத்தனை ஆண்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். திக்குவாய்க்காரன் என்று அன்று சிரித்தவனும் நின்றான். நோர்மா மட்டும் உட்கார்ந்தாள்.

*

இலையுதிர்காலத்தில் ஒரு பிற்பகல், பார்லர் நிறையப் பெண்கள் இருந்தபோது, படியேறி ஹார்லன் வந்தான். முகம் வற்றியிருந்தது. கையில் ஃபிளானல் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பெண்கள் இயந்திரங்களுக்குக் கீழேயிருந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டார்கள்.

"இது ஆல்டனோடது. எடுத்துக்கோ, நோர்மா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்தாள். ஒருமுறை தடவிப் பார்த்தாள். மறுபடி சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்தாள்.

"நீ சரின்னு சொன்னா, பின் வரிசையிலயாவது உட்கார விடலாம்னு விட்கம் சொல்றார்" என்றான் அவன், தரையைப் பார்த்து. "நான் வாயே திறக்க மாட்டேன். சும்மா பார்த்துட்டு மட்டும் போயிடறேன். அதில்லாம என்னால இருக்க முடியல. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அதுக்குத்தான் இதைக் கொண்டுவந்தியா?"

அவன் கண் இழுப்பறைப் பக்கம் போனது.

"திருடினதைத் திருப்பிக் கொடுத்தா அதுக்குப் பேரு பரிசு இல்ல, ஹார்லன். என் புருஷன் தன் கண்ணையே நம்பாம செத்தான். அவனுக்கு நீ எந்த வரிசையில இடம் கொடுத்தே?" அவள் வாடிக்கையாளரிடம் திரும்பினாள். "தலையை நிமித்துங்கம்மா."

அவன் இறங்கிப்போன காலடிச் சத்தம் தேய்ந்ததும் ஸ்டாஷா கிசுகிசுத்தாள். "பாவம்டி. வயசாயிடுச்சு அவனுக்கு."

"ஆல்டனுக்கு ஆகவே இல்லயே" என்றாள் நோர்மா.

துப்பாக்கியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சங்கத்துக்கே கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், ஆல்டன் பின்னி கண்டெடுத்தது என்ற பித்தளைத் தகட்டோடு, அது தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நிரந்தரமாகக் குடியேறியது. வருடக் கூட்டத்தன்று பெட்டியைத் திறந்து, துப்பாக்கியைப் பிரித்து, புதிய உறுப்பினர்களுக்குக் குறியைக் காட்டுவது அவள் பொறுப்பாயிற்று. அந்தக் கூரைக்குக் கீழே நுழைய முடியாத மனிதன் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான்.

அடுத்த வருடக் கூட்டத்தின்போது, காரில் மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். மரத்தடியில் ஹார்லனின் கார் நின்றிருந்தது. அவன் உள்ளே உட்கார்ந்து மண்டபத்து ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவசரமாகக் கார் ஜன்னலை இறக்கினான்.

"நோர்மா... இன்னிக்குப் பிரிச்சீங்களா?"

அவள் நின்றாள். கோபமே இல்லாத குரலில், அக்கம்பக்கத்துக்காரருக்கு வானிலை சொல்வது போலச் சொன்னாள்.

"பிரிச்சோம். ஒவ்வொருத்தரும் கையில வாங்கிப் பார்த்தாங்க. வெயில் நேரா குறி மேல விழுந்துச்சு. இவ்வளவு தெளிவா நானே பார்த்ததில்ல."

பிறகு கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.